ஒரு பாட்டு முடியட்டும்

காது கேட்கும் கருவியில் விட்டுப்போயிருந்த வயருக்கு ஈயத்தை உருக்கி சால்டர் வைத்தேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் மனசு சின்ன வயதில் இருந்த ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்குப் போய்விட்டது.

எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்து ரேடியோக்களைச் சும்மாவே ரிப்பேர் செய்து தருவார். சரியான பிறகும் உடனே கொடுக்க மாட்டார். "ஒரு பாட்டு முழுசா பாடட்டும் சார், அப்புறம் எடுத்துட்டுப் போங்க." மிருகக்காட்சிசாலைக்குப் போகச் செருப்பு மாட்டிக் காத்திருந்த நான் பெஞ்சிலேயே சாய்ந்துவிடுவேன். கடைசி ரேடியோ போன பிறகு அப்பா வந்து என் செருப்பை மெல்லக் கழற்றுவார். விரல்களில் இதே வாசனை. உண்மையில் நான் தூங்கியிருக்க மாட்டேன். கண்ணைத் திறந்தால் எழுந்து போய்விடுவாரே என்று மூடியே வைத்திருப்பேன்.

நான் தொடங்கிய காதுக் கருவி கம்பெனியை மூடி ஒரு வருஷமாகிறது. வாங்கியவர்களைக் கைவிட மனமில்லாமல், ஞாயிறுதோறும் அல்வால் பகுதியில் ஒரு சின்ன அறையில் இலவசமாகச் சரிசெய்து தருகிறேன்.

"இங்கா எந்தசேப்பு மம்மி?" இன்னும் எவ்வளவு நேரம் என்று மகள் தெலுங்கில் இரண்டாம் முறையாகக் கேட்டாள்.

"இன்னும் ஒரே ஒருத்தர்தான்டா."

கடைசியாகக் காத்திருந்த பெரியவருக்குக் கருவியை மாட்டி, ஒரு பாட்டு முழுதாகக் கேட்கவைத்துத்தான் அனுப்பினேன்.

திரும்பினால் மகள் ஷூவோடு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து லேஸை அவிழ்த்தேன். அவள் இமைகள் லேசாகத் துடித்தன.

இன்னொரு ஷூவை, முடிந்தவரை மெதுவாகக் கழற்றினேன்.