நிற்காமல் ஓடிய பேனை

இது 1991ஆம் ஆண்டு ஐப்பசியில், அளவெட்டியில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் நடந்தது. அன்று சனிக்கிழமை, நேரம் காலை பத்தே கால். நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் நான் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. தபால் கந்தோரில் இலிகிதர். இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது விட்டது என்று எழுதாமல் எனக்கு நித்திரை வராது. இராணுவ முகாமிலிருந்து ஷெல் வந்து விழத் தொடங்கிய பிறகு அதற்கென்று தனியாக ஒரு கொப்பி போட்டேன். பக்கத்தை அடிமட்டம் வைத்து ஐந்து நிரல்களாகப் பிரித்திருந்தேன். திகதி, நேரம், சத்தம் வந்த திசை, ஓவசியர் சொன்னது, நடந்தது.

ஓவசியர் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர். சுண்ணாம்புக்கல் அகழும் இடமொன்றில் வெடி வைக்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருபத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிரச்சினை தொடங்கிய நாட்களில் ஒரு பின்னேரம், "ஓவசியர் அண்ணை, நீங்கள் வெடியோடை சீவிச்ச ஆள். உது கிட்டவோ தூரவோ?" என்று யாரோ கேட்டார்கள். அவர் தலையைச் சற்றுச் சரித்து நின்றுவிட்டு, "தூர. பயப்பிடத் தேவையில்லை" என்றார். ஷெல் தூரத்தில்தான் விழுந்தது. அடுத்த முறையும் அவரிடம் கேட்டோம். அதுவும் சரியாக வந்தது. அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் எவரும் தன் காதால் எதையும் கேட்டதில்லை.

பங்கர் என்று நாங்கள் சொல்லும் பதுங்குகுழி என் வீட்டு வளவின் பின்பக்கத்தில் இருந்தது. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டிருந்தோம். சத்தம் கேட்டதும் ஒழுங்கைச் சனம் என் விறாந்தை முன்னால் கூடும். ஓவசியர் வந்து நிற்பார். "தூர" என்றால் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போவார்கள். "இறங்குங்கோ" என்றால் இறங்குவோம். நான் விறாந்தை மேசையில் இருந்து எழுதுவேன். அவர் சொன்னபடி நடந்தால் சிவப்புப் பேனையால் ஒரு சரி போடுவேன். சில மாதங்களில் பக்கம் பக்கமாகச் சிவப்புச் சரிகள். பக்கத்து ஒழுங்கையிலிருந்தும் ஆட்கள் வந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்திலை இருக்கேக்கை பிறகென்ன" என்று திருப்தியோடு போனார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்களோடு சேராத ஒருவர் இருந்தார். முகாமையொட்டிய மயிலிட்டி என்ற மீன்பிடி ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எதிர்வீட்டில் ஒதுங்கியிருந்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கணவன் இல்லை, ஒன்பது வயதில் ஒரு மகள். அவர் சில நாட்களில் ஓவசியர் வாய் திறக்க முன்னரே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் விறாந்தையைக் கடந்து பங்கருக்கு ஓடிவிடுவார். அதுதான் எங்களுக்குப் பகிடி. சந்திக் கடைக்காரர் சொல்லுவார், "நடுக்கடலிலை பயமில்லை, எங்கடை ஒழுங்கையிலைதான் பயம்." அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முதல் மூன்று நாளும் மழை. பங்கருக்குள் முழங்கால் அளவு தண்ணீர். முந்தின நாள் பின்னேரம் அதற்குள் ஒரு பாம்பு போனதைக் கடைக்காரர் கண்டிருந்தார். அன்று காலை எவருக்கும் அதற்குள் இறங்க மனமில்லை. நான் பக்கத்து ஒழுங்கைக்காரர் ஒருவருக்காகக் கொப்பியைப் பார்த்து இன்னொரு பிரதி எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் சத்தம் கேட்டது. சனம் கூடியது. ஓவசியர் வந்தார், தலையைச் சரித்தார், எங்களைச் சுற்றிப் பார்த்தார். "தூர" என்றார். நான் நேரத்தைக் குறித்துவிட்டுத் தொடர்ந்து எழுதினேன்.

இரண்டாவது சத்தம் கேட்டபோது என் மேசைமேல் செம்பில் இருந்த தண்ணீர் நடுங்கி வளையம் போட்டது. அதைக் கண்டேன். நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் செம்புத் தண்ணீருக்கு என் கொப்பியில் நிரல் இல்லை. எழுதிக்கொண்டே கண்ணை மட்டும் உயர்த்தி ஓவசியரைப் பார்த்தேன். அவர் அமைதியாக என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரே பதறவில்லை, எனக்கென்ன என்று பேனையை ஓடவிட்டேன்.

அப்போதுதான் மயிலிட்டிப் பெண் மகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். கை முழுக்கச் சவர்க்கார நுரை. உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர் போலும்.

"எங்கை ஓடுறியள் தங்கச்சி? பாம்போடை குடித்தனம் நடத்தவோ?" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது கிட்ட, அண்ணை" என்றார் அவர். குரல் மெல்லியதாக இருந்தது.

"ஓவசியர் தூர எண்டிட்டார், பிள்ளை" என்றேன் நான். அவர் நிற்கவில்லை. நான் எழுந்து விறாந்தைப் படியில் அவரை மறித்தேன். பேனையை மேசையில் வைக்கவுமில்லை. அதே கையால் கொப்பியை விரித்துக் காட்டினேன். "பாருங்கோ, இவ்வளவு நாளிலை ஒண்டும் பிழைக்கேல்லை. பிள்ளையை ஏன் ஊத்தைத் தண்ணிக்குள்ளை இறக்கிறியள்? காய்ச்சல் வந்திடும்."

அவர் சிவப்புச் சரிகளைப் பார்த்தார். ஓவசியரைப் பார்த்தார். சிரித்துக்கொண்டு நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு மகளின் கையை விட்டார். ஓடிவந்தபோது கழன்று ஒழுங்கையில் கிடந்த தன் செருப்பை எடுக்கப் பிள்ளை திரும்பிப் போனாள்.

நான் மேசைக்குத் திரும்பி, 'தூர' என்ற சொல்லை எழுதி முடித்தேன்.

மூன்றாவது ஷெல் எங்கள் ஒழுங்கையில் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்குபடுத்திச் சொல்ல எனக்கு இன்றும் முடியவில்லை. புழுதியும் ஓட்டுத் துண்டுகளும். என் கையில் பேனை இருந்தது, மேசை இருக்கவில்லை. பெரியவர்களில் இரண்டு பேருக்குச் சிறு காயம். பிள்ளையைக் கடைக்காரர்தான் தூக்கிவந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்திருந்தது. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிர் தப்பினாள். காலை எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் ஓவசியர் என் வீட்டுக்கு வந்தார். மூன்று நாளும் அவர் வெளியே தலை காட்டவில்லை. நான் விழுந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி, "இருங்கோ அண்ணை" என்றேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். மறுபடியும் சொன்னேன். அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

"என்னைப் பாத்துக் கதையுங்கோ. இல்லாட்டி எனக்கு விளங்காது" என்றார்.

நான் விளங்காமல் பார்த்தேன். அவர் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இது வேலையிலை இருக்கேக்கையே போட்டுது. மற்றதும் கொஞ்சங் கொஞ்சமாய்ப் போட்டுது. இருபத்தைஞ்சு வருஷம் வெடிக்குப் பக்கத்திலை நிண்டவனுக்கு வேறை என்ன மிஞ்சும்? சத்தம் நெஞ்சிலை ஒரு தட்டுத் தட்டும், அவ்வளவுதான். கிட்டவோ தூரவோ எண்டு எனக்குத் தெரியாது."

அவர் வெடியோடு சீவித்தவர், ஆகவே சத்தம் தெரியும் என்று ஒழுங்கையே நம்பியது. வெடியோடு சீவித்தவருக்குக் காது இருக்குமா என்று எங்களில் ஒருவருக்கேனும் தோன்றவில்லை. நான் கையில் இருந்த ஓட்டைக் கீழே வைத்தேன்.

"அப்ப எப்பிடிச் சொன்னீங்கள்?"

"உங்களைப் பாத்துத்தான்."

"என்னையோ?"

"நீங்கள் எழுதிக்கொண்டிருப்பியள். பேனை ஓடினால் தூர எண்டுவன். பேனை நிண்டால் இறங்குங்கோ எண்டுவன். நீங்கள் படிச்ச, நிதானமான ஆள். உங்களுக்குப் பிழைக்காது எண்டு நம்பினன்."

"நான் உங்களைப் பாத்தல்லோ எழுதினனான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் வாயைப் பார்த்து அவர் விளங்கிக்கொண்டார்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "முதல் நாள் சும்மா ஒண்டு சொன்னன், சரிவந்திட்டுது. பிறகு எல்லாரும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிண்டியள். கேக்கேல்லை எண்டு சொல்ல வெக்கமாயிருந்தது. போகப் போக, உண்மையிலேயே எனக்குத் தெரியுமாக்கும் எண்டு நானும் நினைச்சிட்டன். நீங்களும் சிவப்புப் பேனையாலை சரி போட்டுக்கொண்டே இருந்தீங்கள்."

அவர் போன பிறகு கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அநேகமான நாட்களில் ஷெல் தூரத்தில்தான் விழுந்திருந்தது. ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு 'தூர' என்று சொல்லியிருந்தால் எவருக்கும் அத்தனை சரிகளும் கிடைத்திருக்கும். 'இறங்குங்கோ' என்று இருந்தது நான்கே நாட்கள். அந்த நான்கு நாளும் ஷெல் கிட்டத்தான் விழுந்திருந்தது. அவைதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாட்கள். அப்படியானால் அந்த நான்கு நாளும் என் பேனை நின்றிருக்கிறது. ஏன் நின்றது?

வழமையான நாட்குறிப்பை எடுத்து அந்த நான்கு நாட்களையும் தேடினேன். நான்கிலும் வேடிக்கையாக ஒரு வரி எழுதியிருந்தேன். ஒன்றில், 'மயிலிட்டிப் பெண் இன்றும் முந்திவிட்டார்.' இன்னொன்றில், 'மாவுக் கையோடு ஓடினார், எல்லோரும் சிரித்தோம்.' அவர் என் விறாந்தையைக் கடந்து ஓடும்போது நான் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். நின்ற பேனையைப் பார்த்து ஓவசியர் 'இறங்குங்கோ' என்றிருக்கிறார். ஒழுங்கை முழுவதும் இறங்கித் தப்பியிருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் காதாக இருந்தவர் அந்தப் பெண்தான். அந்தக் காதைத்தான் நான் படியில் மறித்து, கொப்பியைக் காட்டி வாயடைத்தேன். அன்று அவர் ஓடிவரும்வரை பேனை நிற்காமல் ஓடியது; அதைப் பார்த்து ஓவசியர் முன்னரே 'தூர' என்றுவிட்டார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். தாய் கட்டிலோரத்தில் நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். நான் கீழே இருந்து, ஓவசியரின் காதைப் பற்றியும் என் கொப்பியைப் பற்றியும் எதையும் விடாமல் சொன்னேன். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னார், "எனக்குக் கேட்டது ஐயா. மயிலிட்டியிலை இருக்கேக்கை பழகின சத்தம். ஆனா உங்களெல்லாருக்கும் கேக்கேல்லையெண்டால், பிழை எனக்குத்தானாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

பிறகு, "இதையும் எழுதிப் போட்டீங்களோ?" என்று மட்டும் கேட்டார். பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பின் நாங்கள் ஒவ்வொருவராக அங்கிருந்து இடம்பெயர்ந்தோம். அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. கடைசி வரியில் நான்கு நிரல்கள் நிரம்பியிருக்கின்றன, 'நடந்தது' என்ற ஐந்தாவதை நான் நிரப்பவில்லை. இன்றைக்கும் நாலு பேர் கூடி ஒரு முடிவெடுக்கும் இடத்தில், விஷயம் தெரிந்தவர் என்று எல்லோரும் ஒருவர் முகத்தைப் பார்க்கும்போது, நான் என் பேனையைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தில் பேசாமல் நிற்பவரிடம் போய் உங்களுக்கு என்ன கேட்டது என்று கேட்கிறேன்.