கருவேலத்தை வெட்டச் சொன்னவன்

தண்ணீரைப் பற்றி உபதேசம் செய்ய என்னை விட்டால் ஆள் கிடையாது. புனே ஹடப்சரில் எட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, ராமநாதபுரம் பக்கத்து எங்கள் ஊர் வறட்சியைப் போனிலேயே ஒழித்துவிடக் கிளம்பியவன் நான். எங்கள் குடியிருப்புக்கு டேங்கர் அரை மணி நேரம் தாமதமானால் வாட்ஸப் குழுவில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் சாபம் விழும். முதல் சாபம் பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும்.

ஊரில் தொடர்ந்து மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. சீமைக் கருவேலம்தான் நிலத்தடி நீரையெல்லாம் உறிஞ்சுகிறது என்று எவனோ அனுப்பிய வீடியோவை அண்ணனுக்குத் தள்ளிவிட்டேன். அதோடு சும்மா இருந்தேனா? வாராவாரம் கூப்பிட்டு, வெட்டியாச்சா, வெட்டியாச்சா என்று நச்சரித்தேன். விவசாயம் படுத்துவிட்டதால் அண்ணனுக்கும் வேறு பிழைப்பில்லை. வெட்டினார், மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றார். மொட்டையாகக் கிடந்த ஊரணிக் கரையைப் படமெடுத்து அனுப்பினார். நானே கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் மாதிரி அதைக் குழுவில் போட்டுப் பாராட்டு வாங்கினேன்.

அடுத்த கோடையில் அண்ணன் மனைவிக்கு, அதாவது என் மதினிக்கு, விலாவுக்குக் கீழே வலி வந்தது. ஊரில் ஊசி போட்டுப் போட்டு அனுப்பினார்கள். காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் புனேவுக்கு வரச்சொன்னேன். கரி வேலையை விட முடியாமல் அண்ணன் மதினியை மட்டும் ரயிலேற்றிவிட்டார். வந்த அன்று மதினி எங்கள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து, போட்டுத் திறந்து பார்த்தார். இதென்ன பட்டிக்காட்டுத்தனம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஸ்கேனில் சிறுநீரகக் கல் தெரிந்தது. கூடவே பல மாதமாக ஆறாத தொற்று. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கல்லை எடுத்துவிடலாம், ஆனால் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் மறுபடி வரும், இப்படியே போனால் சிறுநீரகமே போய்விடும் என்று இந்தியில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதோடு, என் சொந்தச் சரக்காக ஒரு சொற்பொழிவையும் சேர்த்தேன். மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கல்லை எடுத்து வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளைக்கு நாலைந்து செம்புத் தண்ணீரை மளமளவென்று குடித்தார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. ஊரிலும் வாரம் இரண்டு லாரித் தண்ணீர் வருகிறதே, அங்கே குடிக்க என்ன கேடு என்று கேட்டேன். மதினி செம்பைக் கழுவ எழுந்து போய்விட்டார். காரணம் கொழுந்தனிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. சமையலறையில் என் மனைவியிடம் சொன்னார். மனைவி என்னிடம் சொன்னாள்.

ஊரில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஊற்றத் தண்ணீர் இல்லாததால் எங்கள் வீட்டுக் கக்கூஸில் கரி மூட்டை அடுக்கியிருக்கிறது. பெண்கள் பழையபடி ஊரணிக் கரைக்குத்தான் போக வேண்டும். அங்கே மறைவாக இருந்தது சீமைக் கருவேலம் மட்டும்தான். அதை வெட்டிய பிறகு பகலில் ஒதுங்க வழியே இல்லை. அதனால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மதினி ஒரு மடக்குக்கூடக் குடிப்பதில்லை. அந்தத் தெருப் பெண்கள் பாதிப் பேர் அப்படித்தானாம்.

"ஒங்க வீடியோதான் அவங்களுக்குக் கல்லா நின்னிருக்கு," என்றாள் மனைவி.

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபப்படலாம் என்று பார்த்தால், கோபப்பட என்னைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை.

மறுநாள் மதினியே வந்து ஹால் வாசலில் நின்றார்.

"தம்பி, ஊரணிக்கு வடக்கால பத்துப் பதினஞ்சு செடி மிச்சம் நிக்கிது. அத மட்டும் விட்டுறச் சொல்லுங்க. நாஞ் சொன்னா அவுக காதுல ஏறாது. நீங்க சொன்னா கேப்பாக."

உடனே அண்ணனைக் கூப்பிட்டு, மதினிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நான் விஷயத்துக்கு வருவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"வடக்குப் பக்கம் நின்னதையும் முந்தாநாளு தூரோட புடுங்கியாச்சுடா. ஒன்னுகூட மிச்சமில்ல. இப்ப ஒனக்குத் திருப்திதானே?"

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆம்பிளைக்கு எந்த மரத்தடியும் போதும், அவர் இதையெல்லாம் எங்கே யோசிக்கப் போகிறார்? நானும்தான் யோசிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, அடுத்த மாதம் நானே வந்து தட்டி கட்டி மறைப்புப் போட்டுத் தருகிறேன், தண்ணீருக்கு டிரம் வாங்கி வைக்கிறேன் என்று மதினியிடம் அடுக்கினேன். என் சொற்பொழிவுக்குத் தலையாட்டிய மாதிரியே இதற்கும் தலையாட்டினார்.

அவர் ரயிலேற இன்னும் மூன்று நாள் இருந்தது. மறுநாள் மத்தியானம் பார்த்தால், காலையில் மனைவி நிரப்பி வைத்த செம்பு நிரம்பியபடியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"ஊருக்குப் போகணும்ல தம்பி," என்றார் மதினி. "இப்பருந்தே கொறச்சாத்தான் அங்கிட்டுப் போயித் தாங்கும்."