கழுகின் கண்மை

நான் வெளிநாடு கிளம்பிய அன்றுதான் அத்தை கிரேனைவிட்டுக் கடைசியாக இறங்கினாள்.

பதினேழு மாடி உயரக் கூண்டில் உட்கார்ந்து, கம்பிக்கட்டுகளை முட்டை வைப்பதுபோல இறக்கி வைப்பவள். வேலையிடத்தில் அவளுக்குப் பெயர் கழுகு. அதற்கேற்ப எப்போதும் கண்ணில் அடர்த்தியாக மை. வியர்வைக்கும் கலையாத ரகம்.

சளி பிடித்த ஒரு காலையில், "லேசா தலை சுத்துது" என்று மேற்பார்வையாளரிடம் வாய்விட்டாள். சோதித்துச் சான்று வாங்காமல் ஏறக்கூடாது என்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன்.

"தலை சுத்தினா கண்ணையா பாப்பாங்க?" என்றாள் அத்தை.

"காதுல கோளாறுன்னா கண்மணி தானா துள்ளும்க்கா. கேமரா அதப் பிடிச்சிரும்" என்றாள் கருவியை இயக்கும் பெண். "மை இருக்கக் கூடாது, தொடைங்க."

அத்தை துடைத்தாள். கறுப்பு வளையம் போகவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. "போதும், விடுங்க" என்று அந்தப் பெண் கேமராக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

டாக்டர் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, வரைபடத்தைப் பார்த்தார். "கண்ணு தாறுமாறா துள்ளுது. இனி உயரம் ஏறக் கூடாது. மாத்திரையை நிறுத்தாதீங்க."

"சளி போயிடுச்சு சார். இப்ப சுத்தவே இல்லியே."

"உங்களுக்குத் தெரியாதும்மா. மெஷினுக்குத் தெரியும்."

கூண்டில் கிடந்த தண்ணீர் பாட்டிலையும் தலையணையையும் எடுக்க ஒருமுறை ஏற விட்டார்கள். அவள் இறங்கியதும், "கழுகு கோழியாயிடுச்சுப்பா" என்றான் ஒருவன். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அத்தைதான். மறுநாளிலிருந்து அவளுக்குத் தலைக்கவசம் கழுவும் வேலை.

நான் திரும்பியபோது அதுவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடந்தாள். கண்ணில் மை இல்லை. குளியலறைத் தாழ்ப்பாளை அப்பா கழற்றியிருந்தார். அண்ணி கைக்குழந்தையை அவளிடம் கொடுப்பதில்லை. மாத்திரை மயக்கத்தில், உயரத்தையும் வேலையையும் மறந்த கால்கள் நிஜமாகவே தடுமாறின. தடுமாறும்போதெல்லாம் அப்பா ஜெயித்தவர்போலச் சொல்வார்: "பாத்தியாக்கா, மெஷின் அன்னிக்கே சொல்லிச்சு."

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கைபேசிக்குச் செய்தி வந்தது. எழுத்து ஆடுகிறது என்று என்னிடம் நீட்டினாள். படித்தேன்.

"பழைய பதிவுகளை மறுபடி பார்த்தோம். உங்கள் சோதனையில் கருவி மையைக் கண்மணியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த முடிவு செல்லாது. கட்டணமின்றி மறுசோதனைக்கு வரலாம்."

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லியாடி?"

வேகமாக எழுந்தவள் நாற்காலியோடு சாய்ந்தாள். அப்பா தூக்கி உட்காரவைத்தார். "இதுல மறுசோதனை வேறயா."

அத்தை அவரைப் பார்க்கவில்லை. "இன்னும் என்னமோ போட்டிருக்கே, படி."

படித்தேன். "வரும்போது கண்ணில் மை வேண்டாம்."