வந்தகாலம்

எண்பதுகளின் நடுவில், மேனாம்பேட்டில் குடியிருந்தபோது, நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து ஒரு மொழி உண்டாக்கினோம். ஆறாம் வகுப்பு. எங்கள் மொழியில் ‘லிமு’ என்றால் வா. ‘லிமுரா’ வந்தார், ‘லிமுனே’ வருவார். ஒரு நோட்டில் இலக்கணமும் எழுதினோம். ‘ரா’ விகுதிக்கு மேலே ‘இறந்தகாலம்’ என்று இருந்தது. பாடப்புத்தகத்தில் இருந்த பெயரை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் இருவரின் அப்பாக்களும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினார்கள். ஒரு பள்ளி விடுமுறை நாள் காலை பதினொன்றரைக்கு, ஷிப்ட் மாறும்போது மட்டும் ஊதும் கம்பெனிச் சங்கு ஊதியது. நிற்கவே இல்லை.

அம்மா அரிசி களைந்த கையோடு தெருவுக்கு வந்தாள். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

“பிரஸ்ல யாரோ மாட்டிகினாராம்க்கா. ஆள் கீறாரா இல்லையான்னு தெரியல.”

தோழியின் அம்மா, “டீய மட்டும் குட்ச்சிட்டுப் போனாரு” என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். போனாரு. இறந்தகாலம். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தோழிக்கும் உறைத்திருக்க வேண்டும். “உங்கப்பா லிமுனே, எங்கப்பா லிமுனே” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். மாட்டியவர் ஒருவர்தான். என் அப்பா வரட்டும் என்று வேண்டினால் அவளுடைய அப்பா வரவேண்டாம் என்றாகிவிடுமோ என்று பயந்தேன்.

ஒரு மணிக்கு மேல் என் அப்பா வந்தார். சட்டையெல்லாம் ரத்தம். நேராகத் தோழியின் அம்மாவிடம் போனார்.

“பயப்படாதம்மா. கைதான். ஆஸ்பத்திரில சேத்துகீறோம். உசுருக்கு ஒண்ணும் இல்ல.”

நான்காம் நாள் அவள் அப்பா ஆட்டோவில் வந்து இறங்கினார். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அன்று அவள் நோட்டை எடுத்து ‘இறந்த’ என்பதை அடித்தாள். தாள் கிழிந்தது. பக்கத்தில் ‘வந்த’ என்று எழுதினாள்.

“இன்னாடி இது? போனது, தின்னது எல்லாமா வந்தகாலம்?”

“ஆமா. எல்லாந்தான்.”

அடுத்த வருடம் அவர்கள் ஐயப்பன்தாங்கலுக்குக் குடிபோனார்கள். அந்த மொழியில் பேச எனக்கு ஆள் இல்லை. என் அப்பா அதே பிரஸ்ஸை இன்னும் பதினொரு வருடம் ஓட்டினார். மாலையில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை எனக்குப் படிப்பு ஓடாது.