வெற்றிலை வாயும் டைகிரியும்

ராஜரத்தினத்துக்கு வாரம் முழுக்க பர்மாவில், கியாக்டடா பேட்டையில் ஆபீஸ் வேலை. ஞாயிறு மதியம் மட்டும் அதே ஊர் பசுந்தாங் பேட்டையின் நாலாம் மாடி வீட்டில் அவர் ராஜ்ஜியம். டைகிரி என்கிற காக்டெயில் கலக்குவார். ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, மூன்றே சாமான். மருந்து மூடியால் அளந்து, ஐஸ் போட்டு, பழைய ஊறுகாய் பாட்டிலில் குலுக்குவார். "புளிப்பும் இனிப்பும் தராசுத் தட்டு மாதிரி நிக்கணும்" என்று மனைவி அம்சாவுக்குப் பாடம் வேறு.

ஆனால் ருசி பார்த்ததும் முகம் சுளிப்பார். துவர்க்கிறதாம். இன்னும் கொஞ்சம் பாகு விடுவார், அப்புறம் இன்னும் கொஞ்சம். எதிர்வீட்டு கோ துன் பர்மாக்காரர், யார் மனமும் நோகப் பேசத் தெரியாதவர். கொடுத்ததை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, "கௌண்டே" என்பார், பர்மியத்தில் 'நல்லாருக்கு' என்று.

போன ஞாயிறு அம்சா ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது பாயசம். வாயில வெத்திலைய அடக்கிக்கிட்டு ருசி பாத்தா சுண்ணாம்பும் பாக்கும்தானே தெரியும்? துப்பிட்டு வாங்க."

ரோஷத்தோடு போனார். கொப்பளித்துவிட்டு வந்து ஒரு மிடறு குடித்தார். பல் கூசியது. ஆறு மாதமாக அந்த நல்ல மனுஷன் விழுங்கிய பாகையெல்லாம் நினைத்துக்கொண்டார். பாகைப் பாதியாகக் குறைத்துப் புதிதாகக் கலக்கி, கோ துன்னுக்குக் கொடுத்தார்.

கோ துன் நிதானமாகக் குடித்தார். இந்த முறை "கௌண்டே" வரவில்லை. காலி கிளாஸை இன்னொரு ரவுண்டுக்கு நீட்டினார்.