லுகானோவில் கேட்ட டீக்கடைச் சத்தம்

போன வருஷம் மழைக்காலம். மியான்மரின் யாங்கோன் நகரில், லான்மடா பகுதியில் எங்கள் தெருமுனை டீக்கடை. கரண்ட் போனாலும் அங்கே ஜெனரேட்டர் ஓடும் என்பதால், போனுக்குச் சார்ஜ் ஏற்ற மாலையில் போய் உட்காருவேன். அந்த நேரத்தில்தான் என் தோழி அனுப்பும் படங்களும் வரும். ஒரு ஏரி, அதற்குப் பின்னால் மலை, மர மேசையில் சின்னக் கோப்பையில் காப்பி.

அவள் சுவிட்சர்லாந்தில், இத்தாலியன் பேசுகிற லுகானோவில் படிக்கப் போயிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இத்தாலியன் கற்றோம், ஒன்றாகத்தான் விண்ணப்பித்தோம். வகுப்பில் நான்தான் முந்தி. அவள் தடுமாறினால் பின்னாலிருந்து கிசுகிசுப்பவளும் நான்தான். இடம் கிடைத்ததோ அவளுக்கு. விமான நிலையத்தில் சிரித்துக் கையாட்டிவிட்டு, திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. அவள் அனுப்பும் படத்தைப் பெரிதாக்கிக் குறை தேடுவேன். 'இத்தனூண்டு காப்பி யாருக்குக் காணும்?' என்று முனகிக்கொள்வேன். அப்புறம் ஒரு இதயக் குறி அனுப்புவேன்.

ஒரு மாலை நான் டீக்கடையில் இருந்தபோது படம் வரவில்லை, வீடியோ அழைப்பு வந்தது. அங்கே நடுப்பகல். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"நான் திரும்பி வந்துடட்டுமாடி?"

எனக்குள் ஏதோ துள்ளியது. அது வருத்தமல்ல. 'வா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

முதல் வாரம், கூடப் படிப்பவர்களோடு ஒரு காப்பிக்கடைக்குப் போயிருக்கிறாள். பரிமாறுகிறவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, இவள் பழக்கத்தில் உதட்டைக் குவித்து, முத்தமிடுவதுபோல் சத்தம் கொடுத்துக் கூப்பிட்டுவிட்டாள். எங்கள் ஊர் டீக்கடைகளில் அப்படித்தான் கூப்பிடுவோம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. அங்கே கடையே திரும்பிப் பார்த்திருக்கிறது. அந்த மனிதர் முகம் சிவந்து, "இங்கே பூனை எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அன்றிலிருந்து இவள் வகுப்புக்குள் நுழைந்தாலே யாராவது அந்தச் சத்தத்தைப் போடுகிறார்கள். வகுப்பு முடிந்தால் அறை, அறையிலேயே சாப்பாடு.

"அப்ப அந்தக் காப்பிப் படமெல்லாம்?"

"மொத வாரம் எடுத்து வச்சதுடி. ஒண்ணொண்ணா அனுப்பினேன். உனக்குக் கெடைக்காத எடத்துல உக்காந்து அழுவுறேன்னு உன்கிட்டயே சொல்ல முடியுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஏங்கிய இடத்தை ஒரு சத்தத்துக்குப் பயந்து விட்டுவிட்டு வருவாளா?

"எந்திரி. அதே கடைக்குப் போ. போனை வைக்காத."

"பைத்தியமா உனக்கு? அந்த ஆளு இருப்பாரு."

"இருக்கணும். அதுக்குத்தான் போகச் சொல்றேன்."

அவள் நடந்தாள். கல் பாவிய தெருவும் ஏரியும் திரையில் ஆடி ஆடி வந்தன. அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. கடைக்குள் போனதும் அந்தப் பரிமாறுகிறவரிடம் போனை நீட்டினாள். வகுப்புக்கு வெளியே ஒருவரிடமும் பேசியிராத என் இத்தாலியனை எடுத்து விட்டேன். எங்கள் ஊரில் இப்படித்தான் அழைப்போம், அதில் அவமரியாதை இல்லை, நீங்களே பாருங்கள் என்று கேமராவைத் திருப்பினேன். சரியாக அந்த நேரம் என் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் உதட்டைக் குவித்தார். தேநீர்க் கெட்டிலோடு கடைக்காரர் வந்தார். பின்னாலிருந்தும் ஒரு சத்தம், அதற்கும் போனார்.

திரையில் அந்த லுகானோ மனிதர் சிரித்துவிட்டார். தானும் உதட்டைக் குவித்துப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. என் பக்கத்துப் பெரியவர் திரைக்குள் தலையை நீட்டி, எப்படிச் செய்வதென்று அவருக்குக் காட்டிக்கொடுத்தார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் என் தோழியிடம், "உங்கள் தோழி எவ்வளவு அழகாகப் பேசுகிறார்" என்றார். அவள் முகம் ஒரு நொடி சுருங்கியது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பல மாலைகள் நான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம்.

அவள் திரும்பி வரவில்லை. இப்போது அந்தக் கடையில்தான் உட்கார்ந்து படிக்கிறாள். அவர் இன்னும் என்னை விசாரிக்கிறாராம், அதை மட்டும் வேண்டாவெறுப்பாகச் சொல்வாள். நான் மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். அவள் படங்கள் வரும்போது இன்றைக்கும் எரிகிறது. ஆனால் ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே அவளை விழாமல் பிடித்துக்கொள்ளவும் முடியும் என்பது அந்த மாலையில்தான் எனக்குத் தெரிந்தது.