பறக்காமல் ஓடிய ஈ

சவூதியில், அல் கோபார் நகருக்கு வெளியே ஒரு தக்காளி கிரீன்ஹவுஸில் எனக்கு டூட்டி. பூக்களில் மகரந்தம் சேர்ப்பதற்காக பம்பிள் பீ என்னும் ரோமம் அடர்ந்த பெரிய தேனீக்கள் கூட்டோடு பெட்டிகளில் விமானம் ஏறி வரும். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஒருநாள் ஒரு பெட்டிக்குள் குட்டி ஈக்களைக் கண்டேன். மெஸ்ஸில் வாழைப்பழத்தை மொய்க்கும் அதே ஈதான், ஒன்றும் செய்யாது என்று பாகிஸ்தானி சூப்பர்வைசரிடம் அடித்துச் சொன்னேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டி அங்கேயே இருந்தது. இரண்டு வாரத்தில் பக்கத்துப் பெட்டிகளிலும் தேனீக்கள் செத்து விழுந்தன.

ஓர் ஈயைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ரூமுக்குக் கொண்டுபோனேன். உடன் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் குப்பியைத் தட்டிப் பார்த்தார்.

"பழ ஈ எண்டா பறக்கும் தம்பி. இது ஓடுது. முதுகும் கூனிக் கிடக்கு."

மறுநாள் உயிருள்ள ஒரு தேனீயைத் தனியாக அடைத்து, சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். நான்காம் நாள் அது செத்தது. அதன் உடம்புக்குள்ளிருந்து புழுக்கள் வெளியே வந்தன.

சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன்.

"கலாஸ் பாய், முடிஞ்சது. எல்லா பெட்டியும் ஃப்ரீஸர்ல போடு" என்றார் இந்தியில்.

"நல்ல தேனீயும் இருக்குமே, பாய்."

"அச்சா? எது?"

பெட்டிகளை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போனேன். எல்லாமே ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தன. ஒரே மாதிரி ரீங்கரித்தன.